துணைக்கு நாலு பேர்

தேனீப் பண்ணையில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம், ஓடக் கூடாது என்பது. இரண்டாவது பாடம், கொட்டினாலும் ஓடக் கூடாது. மூன்றாவதாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். பேசும்போது வாயை இவ்வளவு அகலமாகத் திறக்காதே என்றார் டெய்லர். அந்த நேரம் என் முகவலைக்குள் ஒரு தேனீ நடந்துகொண்டிருந்தது. அது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். காலேஜில் எனக்கு வருகைப்பதிவு போதவில்லை. சமூக சேவை செய்தால் அதைச் சரிக்கட்டலாம் என்று ரத்த தானம், முதியோர் இல்லம், தேனீ மூன்றையும் முன்னால் வைத்தார்கள். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். முதியவர்கள் என்னைப் பார்த்தால் அவர்களுக்கு அறிவுரை வரும். ஆகவே தேனீ. இரண்டாவது காரணம் அம்மா. நான் தங்கிப் படிப்பது பெரியம்மா வீட்டில். பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை ஆனால் தனியாகப் பண்ணைக்குப் போய்விடுகிறாள், நீயும் கூடப் போ, அங்கே உட்கார்ந்து அழுகிறாளா என்று பார்த்துச் சொல் என்று அம்மா போனில் உத்தரவு போட்டாள். ஒரு கையில் சேவை, மறு கையில் உளவு. நான் எதற்காக வந்தேன் என்பதை மறைக்கத் தெரியாததால் பண்ணையில் எனக்கு 'அட்டெண்டென்ஸ்' என்று பேர் வைத்தார்கள்.

பண்ணை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட ஒரு துண்டு நிலம். தகரக் கொட்டகை ஒன்று, செங்கல் கால்கள் மேல் மரப்பெட்டிகள். ஞாயிறு காலை வருகிறவர்கள் எல்லோரும் வேறு எங்கோ சம்பளம் வாங்குகிறவர்கள். குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், தொழில் பழக்கம். டெய்லர் எல்லோருக்கும் வெள்ளை உடுப்பும் முகவலையும் தைத்துக் கொடுத்தவர். என்னுடையதை மட்டும் அளவெடுக்காமல் தைத்தார். வளர்கிற பையன்தானே என்று காரணம் சொன்னார். அதற்குள் இரண்டு பேர் வளரலாம்.

தொட்டிச் சுவரோரம் கடைசியாக இருந்த பச்சைப் பெட்டி என் அக்காவுடையது. பெரியம்மாவின் மகள். அவள் படுத்த கட்டிலில்தான் நான் இப்போது படுக்கிறேன். அலமாரியில் எனக்குப் பாதியை ஒழித்துக் கொடுத்தார்கள். மறு பாதியைத் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் திறக்கவும் இல்லை.

அக்கா இறந்தது காய்ச்சலில். எல்லோருக்கும் வருகிற மாதிரி ஆரம்பித்த காய்ச்சல். கடைசியில் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்கள். பார்வை நேரத்தைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. காவலாளி நல்ல மனிதர், விதியை மரியாதையாகத்தான் சொன்னார். பெரியம்மா துவைத்த துணிகளை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பார்வை நேரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. இதை என்னிடம் பெரியம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுக்கொண்டே, சோப்புத் தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

அதுவரை பூச்சி என்றால் செருப்பைக் கழற்றுகிற பெரியம்மா, அக்காவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பண்ணைக்குப் போக ஆரம்பித்தாள். தேனுக்காக இல்லை. தேன் அவளுக்குப் பிடிக்காது, தொண்டையைப் பிடிக்கும் என்பாள். அவள் போனது ராணியைப் பார்க்க.

பெட்டிக்கு ஒரு ராணி. ஆயிரக்கணக்கான தேனீக்களுக்கு நடுவில் அவளைத் தேடுவது, கூட்டத்தில் கழன்ற செருப்பைத் தேடுகிற மாதிரி. அதனால் ராணியின் முதுகில் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார்கள். எந்த வருஷத்து ராணிக்கு என்ன நிறம் என்று கணக்கு உண்டு. அக்கா பெயிண்டைக் கொண்டுவர மறந்து, கைப்பையில் இருந்த நெயில் பாலிஷைத் தொட்டு வைத்துவிட்டாள். அரக்குச் சிவப்பு. உலகத்தில் எந்த வருஷத்துக்கும் அந்த நிறம் கிடையாது என்று டாக்டர் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சின்ன வயதில் பல்லில் கம்பி போட்டதும் அவர்தான். அப்போதே சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாளாம்.

வேலைக்காரத் தேனீயின் ஆயுசு, உழைக்கிற காலத்தில் ஒன்றரை மாதம் இருந்தால் அதிகம். அப்படிப் பார்த்தால் அந்தப் பெட்டியில் அக்காவைப் பார்த்த தேனீ ஒன்றுகூட மிச்சமில்லை. ராணி ஒருத்திதான் வருஷக்கணக்கில் இருப்பாள். அக்காவின் கை பட்டு இன்னும் உயிரோடு நடமாடுகிற ஒரே ஜீவன் அவள். இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பெரியம்மாவுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஒவ்வொரு ஞாயிறும் அதே வேலை. கொஞ்சம் புகை போடுவாள். மூடியைத் திறந்து, அடை கட்டிய மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். அரக்குப் புள்ளி கண்ணில் பட்டதும் மூடிவிடுவாள். கை விரலில் கொட்டு வாங்கியிருந்தால் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்ப்பாள். பெரியப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். பண்ணைப் பக்கமே வரமாட்டார். நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது டி.வி. சத்தத்தைக் குறைப்பார்.

"இருக்கா," என்பாள் பெரியம்மா.

அவர் திரும்பச் சத்தத்தைக் கூட்டுவார். அவ்வளவுதான் அவர்கள் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டது. அழுகை எதுவும் இல்லை என்று அம்மாவுக்கு நான் கொடுத்த அறிக்கை அவளுக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

மழைக்குப் பிந்தைய ஒரு ஞாயிறு பச்சைப் பெட்டியைத் திறந்தபோது நாற்றம் வந்தது. பழைய பசை டப்பாவைத் திறந்த மாதிரி. புழு இருக்கிற அறைகளின் மூடிகள் பள்ளமாக இறங்கி, கருத்து, ஒன்றிரண்டு ஓட்டையாக இருந்தன. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்த விதத்திலேயே, இது அடைக்கிற சொத்தை இல்லை, பிடுங்குகிற சொத்தை என்று தெரிந்தது. தீக்குச்சி ஒன்றை ஓர் அறைக்குள் விட்டு மெதுவாக இழுத்தார். குச்சியோடு பழுப்பு நிறத்தில் ஒரு நூல் வந்தது. அறுபடாமல் நீண்டுகொண்டே வந்தது. அது நூல் இல்லை, கொஞ்ச நாள் முன்பு வரை புழுவாக இருந்தது.

அழுகல் நோய். புழுவை மட்டும்தான் கொல்லும். வளர்ந்த தேனீக்கள் நோயைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாகத் திரியும். அவற்றின் வயிற்றில் இருக்கிற தேனில் நோயின் வித்து இருக்கும். பெட்டியின் மரத்தில் இருக்கும். பல வருஷம் சாகாமல் இருக்கும். மருந்து போட்டால் பதுங்கும், போகாது. டாக்டர் இதையெல்லாம் தகரக் கொட்டகையில் எங்களை நிற்க வைத்துச் சொன்னார். தீர்வு ஒன்றுதான். சாயங்காலம் எல்லாத் தேனீயும் வீடு திரும்பிய பிறகு வாசலை அடைத்து, பெட்ரோல் ஊற்றி, பெட்டியோடு குழியில் போட்டு எரித்து மண்ணை மூட வேண்டும். ஒரு சட்டம்கூட மிச்சம் வைக்கக் கூடாது. இது குழு எப்போதோ போட்டுக்கொண்ட விதி.

ராணியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாதா என்று டெய்லர் கேட்டார். பெரியம்மாவுக்காகத்தான் கேட்டார், அவளைப் பார்க்காமல் கேட்டார். ராணி தானாகச் சாப்பிட மாட்டாள், வேலைக்காரிகள்தான் ஊட்ட வேண்டும், அவர்கள் வயிற்றில் இருப்பது இந்தத் தேன்தானே என்றார் டாக்டர். பிறகு, விதிப்படி எரிக்கச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். வெள்ளைக் கையுறைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. முதலில் தூக்கியது பெரியம்மா.

இவ்வளவு சுலபமாக முடிகிற ஆள் இல்லையே என்று நான் நினைத்தேன். நினைத்தது சரி.

சாயங்காலம் மற்றவர்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சுவரோரம் போனாள். யாரும் தடுக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. அவள் பையிலிருந்து ராணிக் கூண்டை எடுத்தாள், தீப்பெட்டி அளவுக்கு, வலை போட்டது. ராணியை இறக்கையோடு பிடித்து உள்ளே விட்டாள். பிறகு அதே அடையிலிருந்து வேலைக்காரிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். நாலு.

"பெரியம்மா, டாக்டர் என்ன சொன்னாரு? இவங்க வயித்துலதான் எல்லாமே இருக்குன்னாரே."

"கேட்டேன்."

"அப்புறம் எதுக்கு?"

"தனியா எப்படிடா இருப்பா?" என்றாள் பெரியம்மா. "துணைக்கு நாலு பேர் வேண்டாமா?"

குளிர் பட்டால் செத்துப்போவாள் என்று சொல்லி, கூண்டை என் உடுப்புக்குள் சட்டைப் பையில் செருகி, ஜிப்பை மேலே இழுத்துவிட்டாள். ஓர் உளவாளிக்கு இதைவிட மோசமான பதவி உயர்வு கிடைக்காது.

எரிப்பதில் பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. பெட்ரோலை ஊற்றியதும் உள்ளே ஒரு தடவை பெரிய இரைச்சல் எழுந்தது. பிறகு மழை நின்ற மாதிரி நின்றுவிட்டது. டெய்லர் தீ வைத்தார். மெழுகு நன்றாக எரியும். பச்சைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதற்குக் காத்திருக்கிற முகத்தோடு நின்றாள்.

அப்போதுதான் தாமதமாக வீடு திரும்பிய தேனீக்கள் வந்தன. கடைசிப் பூவையும் விட மனமில்லாத உழைப்பாளிகள். பெட்டி இருந்த இடத்தில் பெட்டியைக் காணவில்லை. கொஞ்ச நேரம் சுற்றின. பிறகு ஒன்று வந்து என் இடது மார்பில் உட்கார்ந்தது. இன்னொன்று. பத்து இருபது ஆனது. தேனீ வளர்க்கிறவன் எவனுக்கும் தெரியும், ராணியின் வாசனை எங்கே வருகிறதோ அங்கேதான் அவை போய் ஒட்டும். என் சட்டைப் பையின் அளவுக்கு, அதே வடிவத்தில், துல்லியமாக ஒட்டிக்கொண்டு நின்றன. ராணுவத்தில் பதக்கம் குத்துகிற இடம்.

டாக்டர் பார்த்தார். நெருப்பு வெளிச்சத்தில் நன்றாகவே பார்த்தார். என்னிடமிருந்து பெரியம்மாவுக்கு அவர் கண் போனது, பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மற்றவர்களும் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேறு ஏதோ வேலை இருந்தது. டெய்லர் மட்டும் பிரஷ்ஷை எடுத்து வந்து என் மார்பைப் பெருக்கினார்.

"உனக்கு யோகம்டா, அட்டெண்டென்ஸ்," என்றார். "பொம்பளைங்க இவ்வளவு பேர் நெஞ்சுல சாஞ்சு நான் பார்த்ததில்ல."

பெரியம்மாவிடம் போய்த் தாழ்ந்த குரலில், தன் பெட்டியில் போன வாரம் ராணி செத்துவிட்டது, தேனீக்கள் அநாதையாகக் கிடக்கின்றன, இடம் இருக்கிறது என்றார். கூண்டை வைக்கும்போது உள்ளே வேறு எதுவும் ஒட்டிக்கொண்டு இருந்தால் உதறிவிட வேண்டும், ராணி மட்டும்தான் என்றும் சொன்னார். சரி என்றாள் பெரியம்மா.

உதறவில்லை. அந்நிய வீட்டில் முதல் இரண்டு நாள் யாரும் சோறு போட மாட்டார்கள், இவர்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் காரணம் சொன்னாள். கூண்டின் வாசலைச் சர்க்கரைப் பசையால் அடைத்து, டெய்லரின் பெட்டிக்குள் இரண்டு சட்டங்களுக்கு நடுவே தொங்கவிட்டாள். அந்த வீட்டுத் தேனீக்கள் பசையைத் தின்று தின்று வழி உண்டாக்குவதற்குள் புது ராணியின் வாசனை அவற்றுக்குப் பழகிவிடும். பழகாவிட்டால் சுற்றிப் பந்தாக மூடி, சூட்டிலேயே கொன்றுவிடும். அந்த வாரம் முழுக்கப் பெரியம்மா குழம்பில் உப்புப் போட மறந்தாள். நானும் பெரியப்பாவும் உப்பில்லாமலே சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு டெய்லரின் பெட்டியில், நடுச் சட்டத்தில், சொந்த வீட்டில் நடக்கிற மாதிரி அரக்குப் புள்ளி நடந்துகொண்டிருந்தது. முட்டைகூட வைத்திருந்தாள். பெரியம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். சந்தோஷத்தில் அடித்தாள் என்று அப்புறம் புரிந்தது. அன்று மத்தியானம் பெரியப்பா டி.வி.யை அணைத்தே விட்டார்.

நல்ல மாதங்கள். பெரியம்மா பண்ணையில் எல்லோருக்கும் டீ போட்டாள். டெய்லரோடு வம்பளந்தாள். அவர் தன் பெட்டியைச் சம்பந்தி வீடு என்று சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று அவள் கேட்பாள். உங்க பொண்ணு வந்ததிலிருந்து எங்க வீட்டில் யாரும் சும்மா உட்காரவில்லை என்பார் அவர். டாக்டர் அரக்கு நிறத்தைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் வருகைப்பதிவு எப்போதோ நிரம்பிவிட்டது. ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன்.

பூக்காலம் முடிகிற சமயம் டெய்லரின் பெட்டி சோர்ந்தது. சோர்ந்த பெட்டியை மற்றப் பெட்டித் தேனீக்கள் விடாது. உள்ளே புகுந்து தேனைத் திருடும். ஒரு வாரம் அந்த வாசலில் சண்டை நடந்தது. திருடியவை திருடியதைச் சுமந்துகொண்டு அதனதன் வீட்டுக்குப் போயின.

டாக்டர் டெய்லரின் பெட்டியைத் திறந்து தீக்குச்சியை விட்டார். நூல் வந்தது. அடுத்த பெட்டிக்குப் போனார். அங்கேயும் வந்தது. அதற்கு அடுத்ததில் வரவில்லை, ஆனால் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. அவர் வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தபோது யாரும் கேட்கவில்லை. அவருடைய சொந்தப் பெட்டியும் அதில் இருந்தது.

தகரக் கொட்டகையில் எல்லோரும் நின்றோம். இந்தத் தடவை கை தூக்கச் சொல்லவில்லை. பெரியம்மா முகவலையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, நான்தான் என்றாள். ராணியை நான்தான் எடுத்தேன். இவன் சின்னப் பையன், இவனுக்கு ஒன்றும் தெரியாது.

"ராணியை எடுத்தது எங்க எல்லாருக்கும் தெரியும்மா," என்றார் டாக்டர். "நான் என் கண்ணால பார்த்தேன். ஒரே ஒரு பூச்சி, போகட்டும்னு விட்டேன்."

"ஒண்ணு இல்ல டாக்டர். துணைக்கு நாலு போட்டேன்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய நோயாளிகளைப் போலவே திறந்த வாயோடு நின்றார். டெய்லர் தன் கையுறையைக் கழற்றி, விரல் விரலாக உள்பக்கம் வெளியே திருப்பிக்கொண்டிருந்தார். அவர் ஒரு நகைச்சுவை சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. ஒரே ஒரு ஆளாவது பெரியம்மாவைத் திட்டியிருக்கலாம். அவரவர் போய் மண்வெட்டியை எடுத்தார்கள். வரிசையில் இருந்த அத்தனை பெட்டிக்கும் ஒரே குழி. வெட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

வாசல்களை அடைக்கப் போகிற நேரத்தில் டாக்டர் பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைப் போகச் சொல்லவில்லை. இனிமேல் இங்கே காப்பாற்ற எந்தப் பெட்டியும் இல்லை, ஆகவே விதியும் இல்லை என்றார். ராணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவளை மட்டும். கூட ஒன்றும் வேண்டாம், ஊரில் வேறு கூடுகள் இருக்கின்றன.

"தனியா எத்தனை நாள் இருப்பா?"

"ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கலாம். நீங்க குச்சியில தேன் தொட்டு ஊட்டினா இன்னும் கொஞ்சம்." அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை போல. "கையிலயாவது இருப்பா இல்ல."

பெரியம்மா டெய்லரின் பெட்டியைத் திறந்தாள். மூன்றாவது சட்டத்தில் இருந்தாள் ராணி. வயதாகிவிட்டது. இறக்கையின் ஓரம் கிழிந்து, நடை தளர்ந்திருந்தது. அவளைச் சுற்றி ஒரு வட்டம். அவள் நின்றால் அவையும் நின்றன. ஒன்று முகத்தைத் துடைத்தது, ஒன்று ஊட்டியது, மற்றவை உணர்கொம்பால் அவள் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. இருட்டப் போகிறது என்று நான் இரண்டு தடவை சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். பெரியம்மா கையுறை இல்லாத விரலை அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒன்றும் கொட்டவில்லை. விரலை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள். "அங்க வந்து யாரைப் பார்ப்பா. இவங்களோடயே இருக்கட்டும்."

சட்டத்தை இறக்கினாள். தேனீ எதுவும் நசுங்காதபடி, இடுக்கில் நின்றவற்றை ஊதி ஊதி நகர்த்திவிட்டு இறக்கினாள். மூடியைப் போட்டாள். ஒரு பிடி புல்லைப் பறித்துச் சுருட்டி வாசலில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். டெய்லர் உதவிக்கு வந்தார். அவரை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பெட்டி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மரம் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இரைச்சல் இல்லை, ஒரு சீரான முனகல், உள்ளங்கை வழியாக முழங்கை வரைக்கும் வந்தது. குழிக்குப் போகிற வழியில் ஒரு செங்கல்லில் என் கால் தடுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

பெரியம்மா நின்று என்னை முறைத்தாள்.

"பார்த்து வாடா," என்றாள். "ஆட்டாம தூக்கு. உள்ள ஆள் இருக்காங்க."